உண்ணுதல் எனும் வினையும் மரியாதையும்

ஒரு மொழியின் வினைச்சொல்லைக் கற்பது அதன் விகுதிகளை மனனஞ் செய்வதோடு நிறைவுறுமா? அவ்வினை உண்ணுதலைக் குறிப்பதாயின், இவ்வினா இலக்கணத்தின் எல்லையைக் கடந்து அறத்தின் எல்லையுட் புகுந்துவிடுகிறது.

இத்தாலிய மொழியில் உண்ணுதலைக் குறிக்கும் பொது வினை ‘மன்ஜாரே’ என்பதாகும். மெல்லுதலைக் குறித்த இலத்தீன் வினையொன்றிலிருந்து பிறந்தது அது. தமிழ் மரபு உண்ணல், தின்னல், நக்கல், பருகல் என உணவின் தன்மை நோக்கி வினைகளைப் பகுத்தது. இத்தாலியத்திலோ மனிதன் சோறு உண்பதையும் மாடு வைக்கோல் தின்பதையும் அவ்வொரு வினையே உணர்த்தும். எனவே, உண்பவனை மதியாத மொழி அது எனத் தமிழர் ஒருவர் கருதக்கூடும். அம்முடிபு பொருந்தாது.

மரியாதை அங்கு விகுதியில் உறைகிறது. நண்பனிடம் ‘உண்கிறாய்’ எனின் ‘மன்ஜி’. ‘உண்’ என ஏவின் ‘மன்ஜா’. மதிப்பிற்குரியவரிடத்து இவை இடம்மாறுகின்றன: ‘உண்கிறீர்கள்’ என்பது ‘மன்ஜா’, ‘உண்ணுங்கள்’ என்பது ‘மன்ஜி’. மதிப்புடையாரிடம் அம்மொழி ஏவல் வடிவத்தை விடுத்து, விருப்பத்தை உணர்த்தும் வடிவத்தைக் கைக்கொள்கிறது. நம் இலக்கணத்தார் கூறும் வியங்கோளோடு இஃது ஒப்பிடத்தக்கது. உண்ணுமாறு ஒருவரைப் பணித்தல் வேறு. அவர் உண்ண வேண்டுமென விழைதல் வேறு.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இலங்கைத் தமிழர் பலர் வாழ்கின்றனர். வீட்டுப் பணியும் முதியோர் பராமரிப்பும் அவர்களுட் பலரின் தொழில். ஓமந்தையிற் பிறந்த ஒருத்தி அங்கு மூதாட்டி ஒருவருக்கு உணவூட்டி, ‘மன்ஜி’ என நாள்தோறும் கூறுவதாகக் கொள்க. அவளுக்கு இவ்வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டில், போரின் இறுதி மாதங்களில், வன்னியினின்றும் வெளியேறிய மக்கள் பலர் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டுப் பதியப்பட்ட பின்னரே முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். தலைகளை எண்ணி வழங்கும் உணவும், ‘சாப்பிட்டீங்களோ?’ என வினவி இடும் உணவும் வயிற்றுக்கு ஒன்றே, மனிதனுக்கு ஒன்றல்ல. முன்னதில் அவன் ஓர் எண். பின்னதில் விடை கூறும் உரிமையுடையவன்.

ஊதியத்திற்காகக் கூறப்படும் ‘மன்ஜி’யில் உண்மையான விழைவு இருக்குமோ எனச் சிலர் வினவலாம். ஊதியம் செயலைப் பெற்றுத்தரும். சொல்லின் வடிவத்தையும் பெற்றுத்தரலாம். கரண்டியை வாயருகே கொண்டுசென்று, மூதாட்டி விழுங்கும்வரை காத்திருக்கும் பொறுமையை அது முழுதும் பெற்றுத்தரமாட்டாது. அப்பொறுமையிலேயே விழைவு புலனாகிறது.

எனினும் மற்றொரு வினா எஞ்சுகிறது. மூதாட்டி உண்டபின், அவள் உண்டாளா என அவ்வீட்டில் வினவுவார் உளரா? வினவின், எவ்விகுதியால் வினவுவர்? தன் பங்கை அவள் கற்றுவிட்டாள். அவ்வினையில் எஞ்சியதைக் கற்கவேண்டியவர், அதனைப் பிறப்பிலிருந்தே பேசிவரும் அவ்வீட்டார்.