அருளும் அளவும்: மிகையாய்ச் சுரக்கும் தாய்ப்பால் எழுப்பும் ஒரு வினா

இறைவனின் அருளைத் தாய்ப்பாலாகக் கண்டு பேசுவது தமிழ்ச் சமய மரபில் ஆழ வேரூன்றிய வழக்கமாகும். சீர்காழிக் குளக்கரையில் அழுது நின்ற குழந்தைக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பால் அளித்த செய்தியைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். மாணிக்கவாசகர் திருவாசகத்தின் பிடித்த பத்தில், குழந்தை கேட்கும் முன்பே வேளையறிந்து பாலூட்டும் தாயினும் பரிவு மிக்கவன் என்று சிவபெருமானைப் போற்றுகிறார். ஆண்டாளின் திருப்பாவைப் பன்னிரண்டாம் பாசுரத்திலோ, கன்றை நினைத்த அளவில் எருமைகளின் மடியிலிருந்து பால் தானே வழிந்து வீட்டைச் சேறாக்குகிறது. அருளுக்கு எல்லை இல்லை என்பதைக் காட்டவே இவை ஆளப்பட்டன என்று பொதுவாகக் கொள்வர். ஆனால் எல்லையின்றிக் கொடுப்பது பெறுகின்ற உயிருக்கு எப்போதும் நன்மையாகுமா என்னும் வினா இங்கே எஞ்சி நிற்கிறது. அந்த வினாவை மெய்யாகவே எதிர்கொள்பவர்கள், குழந்தையின் தேவைக்கு மேல் பால் சுரக்கும் தாய்மார்களே ஆவர்.

பால் உண்டாவதை ஊக்குவிப்பது புரோலாக்டின் என்னும் இயக்குநீர். உண்டான பாலைக் காம்பை நோக்கித் தள்ளுவது ஆக்ஸிடாசின் என்னும் மற்றோர் இயக்குநீர். இரண்டாவது செயலையே பால் இறங்குதல் என்பர். குழந்தை சப்புவதால் மட்டுமன்றி, அதன் அழுகுரலைக் கேட்டாலும் அதை நினைத்தாலுமே பால் இறங்கக்கூடும் என்பதால், ஆண்டாள் எருமையிடம் கண்டது கற்பனை மிகையன்று, உடலியல் உண்மையே ஆகும். மகப்பேற்றை ஒட்டிய நாட்களில் சுரப்பைப் பெரிதும் இயக்குநீர்களே நடத்துகின்றன. பின்னர், மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அதற்கேற்பவே மீண்டும் சுரக்கிறது, வெளியேறாமல் தேங்கும் பால் தன் உற்பத்தியைத் தானே மட்டுப்படுத்துகிறது. இந்த ஒழுங்கு ஏதோ ஒரு காரணத்தால் அமையாதபோது, சுரப்பு தேவையைக் கடந்து போகிறது.

அப்போது நிகழ்வதை அருகிருந்து பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். பசியோடு மார்பைப் பற்றிய குழந்தை சில நொடிகள் அமைதியாகச் சப்புகிறது. பால் இறங்கியதும் மடக் மடக்கென்று விழுங்கித் திணறிப் புரையேறி, வாயோரம் பால் வழிய, காம்பை விட்டு முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிடுகிறது. விடப்பட்ட காம்பிலிருந்து பால் குழந்தையின் முகத்தில் பீச்சியடிக்க, மறு மார்பும் கசிந்து ரவிக்கையை நனைக்கிறது. கொழுப்புக் குறைந்த பால் பெருமளவில் விரைந்து குடலைக் கடக்கும்போது, அதிலுள்ள லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை முழுதும் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து புளித்து வாயுவாகிறது. அதனால் வயிறு உப்பி, பச்சை நிறத்தில் நுரைத்த மலம் கழித்து, அடிக்கடி எதுக்களித்து, உறக்கமின்றிக் குழந்தை துன்புறுகிறது. குழந்தையின் அழுகைக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது.

மார்பிலேயே அழும் குழந்தையைப் பார்த்ததும், பால் பத்தவில்லை என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவது மிகப் பரவலான பிழையாகும். பூண்டும் பால் சுறாவும் வெந்தயமும் தாயின் தட்டில் கூடுகின்றன. குடித்தது போக மீதியைப் பீச்சி எடுக்கும்படி அவளுக்குச் சொல்லப்படுகிறது. பீச்சி எடுக்க எடுக்கச் சுரப்பும் வளர்கிறது. பால் மிகுதி என்று தெரிந்த வீட்டிலோ, அவள் கொடுத்து வைத்தவள் என்று சொல்லி அவளுடைய நோவைப் பேச்சிலிருந்தே விலக்கிவிடுகிறார்கள். நிறைவு வரமாகவே இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை, பால் கட்டிக் கல்லாய் இறுகிய மார்போடும் காய்ச்சலோடும் இரவைக் கழிப்பவளுக்குக் குறை சொல்லும் உரிமையைக் கூட மறுத்துவிடுகிறது. இது ஒரு கொடுமை என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டும்.

இதற்குரிய பரிகாரங்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் தடுத்து நிறுத்துவனவாகவே அமைகின்றன. தாய் சாய்ந்து படுத்துக் குழந்தையைத் தன் மேல் குப்புறக் கிடத்திப் பாலூட்டினால் பாய்ச்சலின் வேகம் தணியும். முதல் பீச்சலைத் துணியில் வாங்கிக்கொண்டு பிறகு குழந்தையைச் சேர்க்கலாம். மார்பு கடுக்கும்போது நோவு தீரும் அளவுக்கு மட்டும் பீச்சிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். சில மணி நேரம் ஒரே மார்பில் ஊட்டி மற்றதை ஓய்வில் விடும் முறையும் உண்டு. அதைக் குழந்தையின் எடை சீராக ஏறுவதைக் கவனித்தபடி, அறிந்தவர் துணையோடு மட்டுமே செய்ய வேண்டும், ஏனெனில் திடீரென்று தேக்கினால் முலையழற்சி, அதாவது மார்பகத் திசு வீங்கிச் சிவந்து காய்ச்சல் காணும் நிலை, நேரக்கூடும். பாலை நிறுத்த வேண்டியவர்கள் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டும் நாட்டு வழக்கத்தை வேலூரைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆராய்ந்து 1988இல் வெளியிட்டனர். ப்ரோமோகிரிப்டின் என்னும் மருந்தோடு ஒப்பிட்டபோது, பூவும் சுரப்பைக் குறைத்தது தெரியவந்தது. ஆயினும் அது பாலை வற்றச் செய்வதற்கான வழி என்பதையும், தொடர்ந்து பாலூட்ட விரும்புபவர் தானாக முயல வேண்டியதன்று என்பதையும் மறத்தலாகாது.

கொடுக்க நிறைய இருந்தும், கொடுக்க விருப்பம் இருந்தும், பெறுபவரின் பொருட்டுக் கொடையைத் தடுத்து வைக்கும் இச்செயலைச் சைவ சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்றாகவே எண்ணியிருக்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் அவற்றுள் நான்காவதான மறைத்தல், திரோதானம் எனப்படும். இறைவனின் ஆற்றல் தன்னை உயிருக்குக் காட்டாமல் மறைந்து நின்று, உயிரை உலக அனுபவத்தில் ஈடுபடுத்தி, அதைப் பிணித்துள்ள ஆணவம் முதிர்ந்து கழலும் நிலைக்குக் கொண்டு செல்வதையே அச்சொல் குறிக்கிறது. ஆணவம் முதலிய மலங்களோடு, அதாவது உயிரைப் பிணிக்கும் அழுக்குகளோடு, உடனிருந்து தொழிற்படுவதால் திரோதானத்தையும் ஐந்து மலங்களுள் ஒன்றாக வைத்து எண்ணிய ஆசிரியர்கள், அதன் உள்ளீடு கருணையே என்பதை விடாமல் வலியுறுத்தினர். அருள் வந்து பதிதலாகிய சத்தினிபாதத்தையும் அவர்கள் ஒரே படித்தாகக் கொள்ளாமல், உயிரின் பக்குவத்திற்கேற்ப மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நான்காக வகுத்தனர். கொடுப்பவனிடம் குறைவில்லை, பெறுகின்ற உயிரின் பக்குவமே அளவை நிர்ணயிக்கிறது என்பது இதன் கருத்து. மாணிக்கவாசகர் காட்டும் தாய் வேளையறிந்து ஊட்டுபவள் என்பதும் இந்த நோக்கில் பொருள் செறிந்ததாகிறது. அவளுடைய பெருமை பால் எவ்வளவு என்பதில் இல்லை, எப்போது, எவ்வளவு வேகத்தில், எந்த வாய்க்கு என்று ஓர்வதில் இருக்கிறது.

எனினும் இவ்வொப்புமை ஓரிடத்தில் முறிகிறது. சித்தாந்தத்தின் இறைவன் விகாரமற்றவன். மறைந்து நிற்பதால் அவனுக்கு எந்த நோவும் இல்லை. தாய்க்கோ தடுத்து வைக்கும் ஒவ்வொரு நாழிகையும் உடலில் வலியாகிறது. இந்த இடைவெளியை வைணவ மரபு நிரப்புகிறது. இடையன் கண்ணனுக்குத் தொண்டு செய்யச் சென்றதால் எருமைகள் கறப்பாரின்றி நின்றன என்று திருப்பாவைக்கு விளக்கம் கூறிய அம்மரபு, உயிர் தன்னை வந்தடைவதை இறைவனுக்கே கிட்டும் பேறாகவும், உயிரைப் பிரிந்திருப்பதை அவனுக்கே நேரும் இழப்பாகவும் கண்டது. அங்கே கொடுப்பவனுக்கும் தேவை உண்டு, தவிப்பும் உண்டு. ஆனால் அந்த வெள்ளம் கன்றின் கொள்ளளவைக் கேட்பதில்லை. அளவை ஒரு மரபும் தவிப்பை மற்றொரு மரபும் இறைவனிடம் கண்டிருக்க, இரண்டையும் ஒரே உடலில் தாங்க வேண்டியவளாகத் தாய் இருக்கிறாள். அந்த வகையில் உவமானமாக எடுக்கப்பட்டவளே உவமேயத்தைக் காட்டிலும் அரிய நிலையில் நிற்கிறாள் என்று கூறுவது மிகையாகாது.

மிகுந்த பாலைப் பிறருக்குக் கொடுப்பது அவள் கடமையாகுமா என்ற துணை வினாவும் இதனோடு சேர்ந்தே வருகிறது. மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது முதல், இவ்வாறு பெறப்பட்ட பால் இந்தியாவில் குறைமாதக் குழந்தைகள் பலரின் உயிரைக் காத்துவருகிறது. அதன் அருமையை எவரும் மறுக்க முடியாது. இஸ்லாமியச் சட்டம் பால்குடியால் உடன்பிறப்பு உறவு உண்டாகிறது என்று கொள்வதால், பால் வங்கிகளை ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச ஃபிக்ஹ் பேரவை 1985இல் ஏற்க மறுத்தது. பால் வெறும் உணவுப் பொருளன்று என்ற உணர்வு அம்முடிவின் அடியில் உள்ளது. ஆயினும் வங்கிக்கென நாள்தோறும் பீச்சுவது, தணிய வேண்டிய சுரப்பை மேலும் தூண்டிவிடும். ஆதலால் அவள் விரும்பிக் கொடுத்தால் அது தானம். விரும்பாமல், தன் சுரப்பு தன் குழந்தையின் அளவுக்கு இறங்கும்வரை ஒரு சொட்டும் கூடுதலாகப் பீச்ச மறுத்தால், அவளைக் கருணையற்றவள் என்று சொல்ல எந்தச் சமயத்தின் பெயராலும் எவருக்கும் இடமில்லை.