வேர் பிடித்த சுவர்

அந்தமானில், மின்னி பே பகுதியில் எங்கள் வீட்டு சன்ஷேடின் மேல் மழைக்கு மழை ஓர் அரசங்கன்று முளைத்துவிடும். காக்கையோ மைனாவோ எச்சத்தில் விட்டுப்போன விதை. பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வரும். வேர் விரிசலுக்குள் ஒளிந்துகொள்ளும். "வேரோட எடுக்கணும் சார், விட்டா சுவத்தைப் பொளந்துடும்" என்பார் கொத்தனார். உளி வைத்து எடுக்கிறோம்.

அதே நான், ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் முதல் வேலையாக ராஸ் தீவுக்குத்தான் கூட்டிப்போகிறேன். 2018-ல் நேதாஜி பெயர் சூட்டப்பட்ட பிறகும் எங்கள் வாயில் ராஸ்தான் வருகிறது. அங்கே கூரை போன கட்டடங்களின்மேல் ஆலின வேர்கள், மெழுகு வழிந்து உறைந்தாற்போல் இறங்கி நிற்கின்றன. செங்கல்லின் இடுக்குச் சுண்ணாம்பில் ஈரம் தேடி நுழைந்த வேர், இன்று கை அகலத்துக்குத் தட்டையாகி ஜன்னல் வளைவையே தாங்குகிறது. அதை வெட்டினால் சுவரும் சேர்ந்து விழும்.

ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1810-ல் முடித்த 'ஓக் காட்டில் மடாலயம்' ஓவியத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு ராஸ்தான் நினைவுக்கு வந்தது. இடிந்த மடத்தின் ஒற்றைச் சுவர், சுற்றிலும் இலையுதிர்ந்த மரங்கள். கண் பழகிய பிறகுதான், கீழே இருட்டில் துறவிகள் சவப்பெட்டி சுமந்து போவது தெரிந்தது. நாங்கள் ராஸில் எடுத்து வைத்திருக்கும் படங்களில் அப்படி யாருமே இல்லை.

அங்கும் ஆட்கள் இருந்தார்கள். 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு அந்தமானில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. ராஸின் காட்டை அழித்து இடம் திருத்தியது கைதிகளின் கைகள். அந்த உழைப்பின் மேல்தான் ஆணையர் மாளிகையும் நடன அரங்கும் எழுந்தன. 1941 ஜூன் 26 நிலநடுக்கம். மறு ஆண்டே ஜப்பானியர் வந்தார்கள். அதன் பிறகு அந்த வீடுகளில் பழையபடி யாரும் வாழவில்லை. வேர் குடியேறிவிட்டது.

காடு தன் இடத்தை மீட்டுக்கொண்டது என்று பலரும் மகிழ்ந்து சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது நாக்கு எழவில்லை. மரத்துக்கு அதன் இடம் கிடைத்துவிட்டது. கோடரி பிடிக்க வைக்கப்பட்டவனுக்கு என்ன கிடைத்தது? அவனை மறந்துவிட்டு இந்த அழகில் மட்டும் லயித்து நிற்க எனக்கு மனம் வரவில்லை. அழகைப் பார்க்காமல் திரும்பவும் முடியவில்லை.

போன முறை, படகுக்கு நேரமாகிறது என்று மற்றவர்கள் கூப்பிட்டுக்கொண்டிருக்க, நான் ஒரு சுவரோரம் குந்தி அமர்ந்து, ஆள் கை வைத்து அடுக்கிய செங்கல் வரிசைகளைத் தரையிலிருந்து எண்ணிப் பார்த்தேன். பதினேழு வரை எண்ண முடிந்தது. அதற்கு மேல் வேர் மூடியிருந்தது.