உழைக்காத நாணயம்

நாணயத்தின் கடமை கைமாறுவது. உழவன் கையிலிருந்து கடைக்காரன் கைக்கும், கடைக்காரன் கையிலிருந்து வண்டியோட்டி கைக்கும் போய்க்கொண்டே இருப்பதற்காகத்தான் அரசு அதை அச்சடித்து வெளியிடுகிறது. பயணம் நீள நீள அதன் முகம் தேய்கிறது, எழுத்து மங்குகிறது. ஆனால் நாணயம் சேகரிப்போரின் உலகத்தில் இந்த முறை தலைகீழாக நிற்கிறது. அங்கே 1 முதல் 70 வரை புள்ளியிட்டு நாணயங்களைத் தரம் பிரிக்கிறார்கள். 60உம் அதற்கு மேலும் பெறுபவை புழக்கத்துக்கே வராதவை. இரு நாணயங்கள் ஒரே ஆண்டில், ஒரே அச்சில் பிறந்திருந்தாலும், ஒரு நாளேனும் உழைத்தது தாழ்ந்தது, உழைக்காதது உயர்ந்தது.

இந்த விசித்திர நீதியை நாணயச்சாலை உள்ள நகரங்களிலேதான் நன்கு காணலாம். தொலைவில் வாழ்பவனுக்கு நாணயம் பலர் கைபட்ட பின்னரே வந்து சேரும். நாணயச்சாலைக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவனோ, அது உலகத்தைக் காணுமுன்பே அதைக் கண்டுவிடலாம். இந்த அருகாமை வெறும் அதிர்ஷ்டந்தானா, அல்லது அதுவும் ஒருவகைச் சொத்தா?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் நாணயச்சாலை 1792இல் பிலடெல்பியாவில் நிறுவப்பெற்றது. அந்நகரில் ஜோசப் மிக்லி என்றொருவர் இருந்தார். பியானோ செய்வதும் இசைக்கருவிகளைப் பழுது பார்ப்பதும் அவர் தொழில். தாம் பிறந்த 1799ஆம் ஆண்டைத் தாங்கிய செப்புச் சதம் ஒன்று வேண்டுமென்று அவர் தேடத் தொடங்கினார். அது எளிதில் அகப்படவில்லை. அந்தத் தேடலே அவரை நாட்டின் முன்னோடிச் சேகரிப்பாளராக்கிற்று. 1827இல் அவர் நாணயச்சாலைக்கு நேரே சென்று, ஒரு டொலரைக் கொடுத்து நான்கு புதிய கால் டொலர்களைப் பெற்றுக்கொண்டார் என்பது சேகரிப்பாளர் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அவ்வாண்டின் கால் டொலர் பின்னர் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மிக்லி செய்ததில் குற்றம் காண என் மனம் ஒப்பவில்லை. கொடுத்ததும் ஒரு டொலர், பெற்றதும் ஒரு டொலர். அவருக்கு அதிகமாக இருந்தது ஒன்றே ஒன்று: நடந்துபோகும் தூரத்தில் நாணயச்சாலை இருந்தது.

ஆனால் அந்த நடைபாதை இருபுறமும் திறந்தது. வெளியிலிருப்பவன் உள்ளே போகக்கூடிய வழியால் உள்ளேயிருப்பவனும் வெளியே வரலாம். 1804 என்று பொறித்த வெள்ளி டொலர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் எதுவும் 1804இல் அச்சானதன்று. முதலில் அச்சானவை ஏறத்தாழ 30 ஆண்டுகளின் பின், அயல்நாட்டு மன்னர்களுக்குப் பரிசளிப்பதற்காகச் செய்யப்பட்டவை. சேகரிப்போரிடையே அவற்றுக்கு ஏற்பட்ட ஆசையைக் கண்டு, 1858ஆம் ஆண்டளவில் நாணயச்சாலைக்குள்ளேயே சிலர் அதே ஆண்டைப் பொறித்து மீண்டும் அடித்தார்கள். அங்கே இரவுக் காவலராக இருந்த தியடோர் எக்பெல்ட் என்பவரின் பெயரே இதில் முதலில் அடிபடுகிறது. அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அச்சாலையில் பணிபுரிந்தது. அருமை என்பது இயற்கை தரும் ஒன்றன்று, மனிதர் செய்து விற்கக்கூடிய ஒன்று என்பதை அந்த இரவு வேலை காட்டிற்று.

1933ஆம் ஆண்டின் 20 டொலர்ப் பொன் நாணயத்தின் கதையோ நீதிமன்றம் வரை சென்றது. பிலடெல்பியாவில் 4,45,500 நாணயங்கள் அச்சாயின. பொருளாதார நெருக்கடியில் பொன் நாணயப் புழக்கமே நிறுத்தப்பட்டதால் அவை வெளியிடப்படவில்லை, உருக்கப்பட்டன. எனினும் சில நாணயங்கள் அதே நகரத்து நகை வணிகர் ஒருவரின் கைக்கு வந்திருந்தன. அவற்றுள் ஒன்று 2002இல் 75 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம்போனபோது, விலைக்கு மேலதிகமாக இன்னொரு 20 டொலரும் அரசுக்குச் செலுத்த வேண்டியிருந்தது. அந்த 20 டொலரைச் செலுத்திய பின்னரே அது சட்டத்தின்படி நாணயமாயிற்று! அவ்வணிகரின் வழித்தோன்றல்களிடமிருந்த வேறு பத்து நாணயங்கள் அரசுடைமையே என்று 2011இல் ஜூரிமார் தீர்த்தனர்; மேன்முறையீடுகளின் பின்னரும் அத்தீர்ப்பே நிலைத்தது. ஏலத்தில் விற்ற அந்த ஒற்றை நாணயம் 2021இல் 1 கோடி 88 இலட்சம் டொலருக்கு மேல் பெற்றது. யார் கைக்கும் கூலியாகப் போகாத, ஒரு றாத்தல் பாணும் வாங்காத நாணயம் அது.

இவையெல்லாம் செல்வரின் வழக்குகள், நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். அப்படியானால் பிலடெல்பியாவை விட்டு மேற்கே டென்வர் நகருக்குப் போவோம். 1906 முதல் அங்கும் நாணயம் அச்சாகிறது. 2014 ஓகஸ்டில், கென்னடி அரை டொலரின் 50ஆம் ஆண்டு நினைவாக முக்கால் அவுன்ஸ் தூய பொன்னில் ஒரு நாணயம் வெளியிட்டார்கள். அதன் முகத்தில் பொறித்த மதிப்பு அரை டொலர்; விலை 1,240 டொலர். டென்வர் நாணயச்சாலையின் விற்பனைக் கூடம் அதை நேரில் விற்ற சில இடங்களுள் ஒன்று. முதல்நாளில் வாங்கியதென்று சான்றுபெற்ற நாணயத்துக்குச் சந்தையில் தனி விலை உண்டு. ஆகவே வணிகர்கள் வரிசையில் நிற்க ஆள் தேடினார்கள். தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வீடற்று வீதியில் உறங்குவோர் இருந்தார்கள். அவர்களுக்குக் கூலி பேசி நிறுத்தினார்கள். நெருக்கடி மிகுந்தது. மூன்றாம் நாளே, மக்களின் பாதுகாப்பைக் காரணங்காட்டி நேரடி விற்பனையை நாணயச்சாலை நிறுத்திற்று. தபாலில் பெறுவோருக்கான விற்பனை மட்டும் தொடர்ந்தது.

இவ்வளவு நெருக்கடிக்கும் காரணமான அந்த நாணயம் டென்வரில் அச்சானதுகூட அன்று. கிழக்கே வெகுதொலைவிலுள்ள வெஸ்ற் பொயின்ற் சாலையின் குறியே அதில் இருந்தது.

சேகரிப்போரை நான் பழிக்க வரவில்லை. மங்கிய செம்பொன்றைக் கையிலேந்தி, அது எத்தனை கைகளைக் கண்டிருக்கும் என்று வியப்பவன் வரலாற்றை நேசிப்பவனே. 1799ஐத் தேடிய மிக்லியிடம் அந்த நேசம் இருந்தது. ஆனால் டென்வரில் வரிசை நின்றது எதன்மீது கொண்ட நேசத்தால்? நாணயச்சாலைக்கு அருகில் வாழ்வதே பேறு என்றால், அந்த நகரின் நடைபாதையில் படுத்திருப்பவரைவிட அப்பேறு யாருக்கு உண்டு? அவருடைய அருகாமையையும் இன்னொருவர் வாடகைக்கு எடுத்துக்கொண்டார். காலையில் வணிகர் கொடுத்த 1,240 டொலரைக் கையிற் பிடித்துக்கொண்டு அவர் வரிசையில் நின்றார். அத்தனை பணம் அவர் கையில் எத்தனை நாள் இருந்திருக்கும்! சாளரத்தில் அதைக் கொடுத்துப் பெட்டியை வாங்கி, திறந்தும் பாராமல் வெளியே காத்திருந்தவரிடம் ஒப்படைத்திருப்பார். அது விரல்படாமல் கண்ணாடி உறைக்குள் சென்றிருக்கும். அவருக்குக் கூலியாகக் கிடைத்தவை பலர் கைபட்டுக் கசங்கிய தாள்கள். அன்றிரவே அவை ஒரு சாப்பாட்டுக் கடையின் கல்லாப்பெட்டிக்குப் போயிருக்கும்.