அழகு சோறு போடுமா?

சீனாவின் 20 யுவான் நோட்டைத் திருப்பினால் லி ஆறு தெரியும். தெற்கே குவாங்ஷி பகுதியில், ஷிங்பிங் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஆறு வளைகிற இடம் அது. இரு கரையிலும் நெட்டுக்குத்தாகக் குன்றுகள், நடுவில் ஒரு தெப்பம். 1999 வரிசை நோட்டில் இந்தக் காட்சி அச்சான காலத்தில், இதே கரையோர ஊர்ப் பிள்ளைகள் அந்த நோட்டைச் சம்பாதிக்கப் பக்கத்து மாகாணமான குவாங்தோங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். செருப்பும் பொம்மையும் துணிமணியும் செய்கிற ஆலைகள் அங்கேதான் இருந்தன. சீனப் புத்தாண்டை ஒட்டி இந்த ஆற்றோரம் போனபோது, பார்த்த எல்லாவற்றுக்கும் அடியில் இந்த நினைப்பே ஓடிக்கொண்டிருந்தது.

குன்றுகள் எல்லாம் சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் கடலடியில் படிந்து, பிறகு மேலெழுந்து, யுகயுகமாகப் பெய்த மழையில் கரைந்தது போக மிஞ்சியவை. தென்சீனச் சுண்ணாம்புக்கல் நிலங்களுக்கான உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2014இல் யுனெஸ்கோ இந்தக் குன்றுகள் இருக்கும் குயிலின் வட்டாரத்தையும் சேர்த்தது. ஆனால் மழை இப்படிக் கல்லைக் கரைத்தது உழவருக்கு என்ன செய்தது? பெய்த மழை நிற்பதில்லை. பாறை இடுக்கில் புகுந்து குகைக்குள் போய்விடுகிறது. மேல்மண் ஆழமில்லை. குன்றுக்கும் குன்றுக்கும் நடுவில் கிடைக்கிற துண்டு நிலம்தான் வயல். பத்தில் எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு வயல் என்று அந்தப் பக்கத்தில் கணக்குச் சொல்வார்கள். படகின் முகப்பில் நம்மை வாய்பிளக்க வைப்பது எதுவோ, அதுவேதான் அங்கே பிறந்தவரை வயிற்றுப்பாட்டுக்காக ஊரைவிட்டுக் கிளப்பியது.

போனவர்கள் புத்தாண்டுக்குத் திரும்புவார்கள். பண்டிகைக்கு முன் 15 நாள், பின் 25 நாள் என்று மொத்தம் 40 நாள் சீனா முழுதும் இந்தப் போக்குவரத்து நடக்கிறது. ரயிலில் இடம் கிடைக்காத குவாங்ஷிக்காரர்கள் பல ஆண்டுகள் மோட்டார் சைக்கிளிலேயே வந்தார்கள். குவாங்தோங்கின் தலைநகர் குவாங்சோவிலிருந்து மேற்கே வரும் 321ஆம் தேசிய நெடுஞ்சாலையில் லட்சக்கணக்கில் வண்டிகள். கணவர் ஓட்ட, மனைவி பின்னால், குழந்தை நடுவில். குளிரும் மழையும் தாங்க உடம்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாள். வழியோரத்தில் தன்னார்வலர்கள் சூடான கஞ்சியும் இஞ்சித் தண்ணீரும் கொடுப்பார்கள். 2014 டிசம்பரில் அதிவேக ரயில் வந்த பிறகு குவாங்சோவும் குயிலினும் ஏறத்தாழ மூன்று மணி நேரத் தூரமாகிவிட்டன. மோட்டார் சைக்கிள் கூட்டமும் குறைந்துகொண்டே வந்தது.

குயிலினிலிருந்து யாங்ஷுவோ வரை ஆற்றுவழி 83 கிலோமீட்டர். குளிர்காலத்தில் தண்ணீர் வற்றி, அடியில் கூழாங்கல் தெரிகிறது. மலைச்சரிவுகளில் அங்கங்கே வெள்ளையாக விரிந்திருப்பது பனியில்லை. பழுத்த கும்குவாட் பழங்களைக் குளிரிலிருந்து காக்க மரங்களின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் தாள். படம் பிடிக்க வருகிறவர்கள் அந்த வெள்ளையைச் சட்டகத்தில் விழாமல் தவிர்க்கிறார்கள். எனக்கு அதுதான் அந்த நிலத்தின் நேர்மையான பகுதியாகத் தெரிந்தது. அந்தத் துண்டு மண்ணிலிருந்து ஏதாவது எடுத்துவிட வேண்டும் என்று யாரோ மரம் மரமாகப் பாடுபட்டிருக்கிறார்கள்.

ஷிங்பிங்கில் ஒரு வீட்டு வாசலில் நெடுநேரம் நின்றேன். ஊருக்குத் திரும்பிய மகன் முக்காலியில் ஏறி, நிலையின் இருபுறமும் சிவப்புத் தாளில் எழுதிய புத்தாண்டு வரிகளை ஒட்டிக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் மாவுப்பசை, அதைத் தடவத் தேய்ந்துபோன ஒரு துடைப்பம். தெருவில் நின்ற அம்மா, தாள் நேராக இருக்கிறதா என்று பார்த்துக் கையாலேயே மேலே, இன்னும் மேலே என்று காட்டினார். நேராகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் இறங்கவிடவில்லை. கூரையோரத்தில் உப்புக்கண்டம் தொங்கியது, உள்ளே பன்றி இறைச்சியும் லிபு ஊர்ச் சேப்பங்கிழங்கும் வேகும் வாசனை. எதிரே உலகமே பார்க்க வருகிற குன்று. அந்த அம்மா மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அழகு சோறு போடத் தொடங்கிவிட்டது. லி ஆற்றில் ஓடும் தெப்பங்களில் பல, மூங்கிலுக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய்களைச் சேர்த்துக் கட்டி மோட்டார் பொருத்தியவை. கரையெல்லாம் தங்கும் விடுதிகள், அரிசி நூடுல்ஸ் கடைகள். புத்தாண்டுக்கு முந்தின இரவு சீனக் குடும்பம் மொத்தமும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிற இரவு. அன்று எங்கள் விடுதியை நடத்திய பெண்மணி, அறைக்காரர்கள் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத்தான் தன் வீட்டாரோடு உட்கார்ந்தார். சின்ன மகள் அதுவரை அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கைபேசியின் மொழிபெயர்ப்பு வழியாக அதைச் சொன்னேன். தான் முன்பு குவாங்தோங்கின் தோங்குவானில் ஆலை வேலையில் இருந்ததாகவும், அப்போது மகளைப் பாட்டிதான் வளர்த்ததாகவும், இப்போது தினமும் மகளோடு சாப்பிடுவதாகவும் அவர் சொன்னார்.

அந்தப் பதில் நியாயமானது. முன்பு பிழைப்பு ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டு பண்டிகையை மட்டும் திருப்பிக் கொடுத்தது. இன்று ஆண்டைக் கொடுத்துவிட்டுப் பண்டிகை இரவில் கைவைக்கிறது. இதில் எது தேவலை என்று அவர் முடிவு செய்துவிட்டார், சரியாகவே முடிவு செய்தார் என்று நம்புகிறேன். ஆனால் அந்த இரவிலும் கைவைக்க வேண்டுமா என்பது என்னைப் போல் ஊர் பார்க்க வருகிறவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பகலிலேயே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொண்டால் ஓர் அடுப்பு சீக்கிரம் அணையும். நாம் கொடுக்கிற பணம் வேண்டும், நாம் அந்த மேசையருகே வேண்டாம். இரண்டும் ஒருசேர முடிகிற காரியம்தான்.

சில நாள் கழித்து யாங்ஷுவோ நிலையத்தில் ரயில் ஏறினோம். பெட்டி முழுக்க ஆலைகளுக்குத் திரும்புகிறவர்கள். காலடியிலும் மடியிலும் உப்புக்கண்டமும் பழமும் நிறைந்த பைகள். எதிர் இருக்கைக்காரர் ஊரில் விட்டு வந்த பையனோடு வீடியோவில் பேசிக்கொண்டே வந்தார். மலையைக் குடைந்து போகிற பாதை. சுரங்கத்துக்குச் சுரங்கம் தொடர்பு அறுந்தது, வெளியே வந்ததும் மறுபடி அழைத்தார். குடும்பப் பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ப் பள்ளியில்தான் பிள்ளைக்கு எளிதாக இடம் கிடைக்கும் என்பது அங்கே நெடுங்கால நடைமுறை. தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் எல்லாருக்கும் எட்டவில்லை. மூன்று மணி நேர ரயில் வந்துவிட்டது. அவருக்கு இன்னும் வேண்டியிருப்பது, வேலை பார்க்கிற ஊரிலேயே பையனுக்கு ஒரு பள்ளிக்கூட இடம்.