பார்த்துக்கொண்டிருப்பவர்கள்

இலியத்தில் என்னைச் சங்கடப்படுத்துவது கொலைகள் அல்ல. பிடரியில் நுழைந்த ஈட்டி நாக்கை அறுத்துப் பற்களினூடே வெளிவருவதை ஒரு வைத்தியனின் நிதானத்தோடு ஹோமர் சொல்லிக்கொண்டு போகிறார். நாலைந்து காண்டங்களுக்குள் அது பழகிவிடுகிறது. பழகாமல் இருப்பது ஸீயஸ் உட்கார்ந்திருக்கும் விதம். ஐடா மலையுச்சியில் தனியே அமர்ந்து ட்ராய் நகரத்தையும், கிரேக்கர்களின் கப்பல்களையும், வெண்கலத்தின் மினுக்கத்தையும், கொல்கிறவர்களையும் சாகிறவர்களையும் அவர் பார்க்கிறார். பார்ப்பதில் அவருக்கு ஒரு நிறைவு இருக்கிறது. இருபத்திரண்டாம் காண்டத்தில் அக்கிலிஸ் ஹெக்டரை மதிலைச் சுற்றி மூன்று முறை துரத்துகிறபோது தேவர்கள் எல்லோருமே பார்வையாளர்கள். ஹோமர் இதை ஓட்டப் பந்தயத்தோடு ஒப்பிட்டுவிட்டு, இங்கே பரிசு ஹெக்டரின் உயிர் என்கிறார்.

இதைப் படிக்கிற நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன்? ஹெக்டரின் பக்கத்தில் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அங்கே இருப்பவனுக்கு மூச்சு இரைக்கும், முழங்கால் தளரும். எனக்கு இரண்டும் இல்லை. பக்கத்தைத் திருப்புகிறேன், அவ்வளவுதான். செம்மண்டலத்தில் ஒரு மின்விசிறியின் அடியில் இருந்தாலும் என் இருக்கை ஐடாவில்தான் இருக்கிறது. இலக்கியத்தில் போர் என்று பேசுகிற நமது விமர்சகர்கள் வீரம், அறம், வீழ்ச்சி என்று பாத்திரங்களின் தலையில் ஏற்றிப் பேசுகிறார்களேயொழிய இந்த இருக்கையைப் பற்றிப் பேசுவதில்லை.

ஹோமரின் தேவர்களுக்குச் சாவு கிடையாது. டயமீடிஸ் அஃப்ரடைட்டியின் மணிக்கட்டைக் கீறுகிறான். வழிவது ரத்தம்கூட அல்ல, வேறொரு திரவம். அவள் தாயின் மடியில் விழுந்து அழுகிறாள், தாய் துடைத்துவிடுகிறாள், ஆறிவிடுகிறது. யுத்த தேவனான ஏரிஸ் அடிபட்டதும் ஒன்பதாயிரம் பத்தாயிரம் பேர் கத்துவதுபோல் கத்திவிட்டு ஸீயஸிடம் போய்ப் புகார் செய்கிறான். இதெல்லாம் ஹாஸ்யம். இதற்கு எதிரே பன்னிரண்டாம் காண்டத்தில் ஸார்ப்பிடன் தன் தோழனிடம் பேசுவதை வைத்துப் பார்க்க வேண்டும். மூப்பும் சாவும் நமக்கு இல்லையென்றால் நான் முன்வரிசையில் போய் நிற்கவும் மாட்டேன், உன்னைப் போகச் சொல்லவும் மாட்டேன் என்பது அவன் சொல்வதன் சாரம். சாவு உள்ளவனிடம்தான் செயலுக்குக் கனம் இருக்கிறது. அந்த ஸார்ப்பிடன் ஸீயஸின் சொந்த மகன். அவன் சாகும் நேரம் வந்தபோது காப்பாற்றிவிடலாமா என்று தகப்பன் தடுமாறுகிறார். அப்புறம் ஒவ்வொரு தேவரும் தன் பிள்ளையைக் காப்பாற்றப் பார்ப்பாரே என்கிறாள் ஹீரா. ஸீயஸ் விட்டுவிடுகிறார். பூமியின்மேல் ரத்தத் துளிகள் மழையாக விழுகின்றன. சாகாதவனால் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான்.

நம் பக்கத்துத் தேவர்கள் சிரிக்கிறார்கள். கெடிலக் கரையோடு மேற்கே போனால் பண்ருட்டியை ஒட்டித் திருவதிகை. பூமி தேராக, சூரியனும் சந்திரனும் சக்கரங்களாக, மேரு வில்லாக, வாசுகி நாணாக, திருமால் அம்பாக எல்லா ஏற்பாடுகளும் ஆன பிறகு சிவன் அம்பை விடவில்லை. சிரித்தார், முப்புரம் எரிந்தது. தத்துவமாக இதற்கு எத்தனையோ விளக்கங்கள் உண்டு, ஆணவம், கன்மம், மாயை என்று. இருக்கட்டும். போராக எடுத்துக்கொண்டால், எரிந்த ஊர்களில் யார் இருந்தார்கள் என்பது கதைக்கு அவசியப்படவில்லை. திருவதிகையிலும் சிதம்பரத்திலும் திருப்பணிகள் செய்து கல்வெட்டில் நிற்கும் நரலோகவீரன் முதற்குலோத்துங்கனின் படைத்தலைவன். அதே அரசனுக்காகக் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மேல் படையெடுத்துப் போனதைத்தான் ஜெயங்கொண்டார் பரணியாகப் பாடினார். கலிங்கத்துப்பரணியின் சந்தத்தை மறுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. பேய்கள் பசியால் வாடுகின்றன, போர் வருகிறது, பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன, காளிக்குக் களம் காட்டப்படுகிறது. வாசகனுக்குக் கொடுக்கப்படுவது காளிக்குப் பக்கத்து ஆசனம். சந்தத்தின் அழகு கூடக்கூட அந்த ஆசனம் சௌகரியமாகிக்கொண்டே போகிறது. கலிங்கத்துத் தாய் ஒருத்தி அழுதால் கூழ் இறங்காது. அதனால் அவளுக்கு அங்கே இடமில்லை.

கைலாசபதி 1968இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகத்தோடு ஒப்பிட்டார். பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்ஸனிடம் செய்த ஆராய்ச்சி அது. பாணர் மரபு, வாய்மொழி வாய்பாடு என்ற தளத்தில் அந்த ஒப்பீடு பலமானது. ஆனால் புறநானூற்றுக் களத்துக்கு மேலே ஐடா இல்லை. விழுந்தவன் நடுகல்லாகிறான், அந்தக் கல்தான் தெய்வம். மேலே உட்கார்ந்து பார்க்கிறவன் என்ற பிரச்னை அங்கே எழுவதில்லை. இலியத்தின் கேள்வியை எதிர்கொண்ட தமிழ்ப் பிரதி என்று ஒன்றை நான் சொல்ல வேண்டுமானால் ஏட்டில் இருப்பதைச் சொல்லமாட்டேன். பழைய தென்னார்க்காட்டுத் திரௌபதியம்மன் கோயில்களில் இரவு முழுக்க ஆடுகிறார்களே, அந்தப் பாரதக் கூத்தைத்தான் சொல்வேன்.

அதற்கு முன் ஒன்று. 2009ஆம் ஆண்டு மே 13 அன்று தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டார்கள். 16ஆம் தேதி எண்ணினார்கள். 18ஆம் தேதி முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தேர்தல் முடிவையும் போரையும் ஒரே கூடத்தில், ஒரே பெட்டியில் பார்த்தோம். பார்த்தோம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த மாதங்களிலும் பிறகும் இங்கே எழுதப்பட்ட கவிதைகள் பலவற்றில் ரத்தம் தாராளமாக இருக்கிறது. எழுதுகிறவன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்பது மட்டும் இல்லை. 1985இல் வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். அங்கே பார்க்கிறவன் ஓடவும் வேண்டியிருக்கிறது. நம்முடைய கோபம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஸீயஸின் ரத்தத் தூறலும் பொய்யல்லவே.

இனி அரவான். வியாசரிடத்தில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசனால் கொல்லப்படும் பலரில் ஒருவன். ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனார் காலத்திலிருந்தே தமிழில் அவன் களப்பலி. முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவனைக் காளிக்குக் கொடுத்தால்தான் வெற்றி. அந்த லட்சணங்கள் கிருஷ்ணனுக்கும் இருந்தன, அர்ஜுனனுக்கும் இருந்தன. நாககன்னியின் மகன் கொடுக்கப்பட்டான். யாரைக் கொடுப்பது என்பதில் தேவர்களும் மேலதிகாரிகளும் ஒரே மாதிரிதான் தீர்மானிக்கிறார்கள். ஆனால் தமிழ் இதோடு விடவில்லை. சாகுமுன் அவனுக்கு மனைவி வேண்டும். நாளைக்குத் தாலியறுக்க எந்தப் பெண் சம்மதிப்பாள்? அனுப்புகிற கிருஷ்ணனே மோகினியாக வந்து கழுத்தை நீட்டுகிறான், மறுநாள் விதவையாகிறான். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து, வெள்ளைப் புடவையில் அழுகிறார்கள். ஸீயஸ் மலையைவிட்டு இறங்காமல் அழுதார். இங்கே தேவன் இறங்கிவந்து, இழப்பவனின் உடம்பை, அதிலும் ஒரு கைம்பெண்ணின் உடம்பை, ஒரு நாளாவது போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அரவான் கேட்ட இன்னொரு வரம் பதினெட்டு நாள் போரையும் பார்க்க வேண்டும் என்பது. வெட்டுண்ட தலை பார்க்கிறது. நமது திரௌபதியம்மன் கோயில்களில் மீசையும் விழித்த கண்களுமாக இருக்கும் அந்தப் பெரிய தலையைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. ஐடாவின் இருக்கையைப் பெற்ற ஒரே மனிதன் அவன், அதற்குக் கொடுத்த விலை கழுத்துக்குக் கீழே உள்ள எல்லாமும். ராஜஸ்தானத்தில் இதே கதை பர்பரீகன் பெயரில் இருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டபோது, எங்கும் கிருஷ்ணனின் சக்கரம் சுழன்றதைத்தான் கண்டேன் என்றதாம் அந்தத் தலை. வீரர்களின் பெருமை அந்தக் கண்ணில் படவேயில்லை.

கடைசி நாள் படுகளம். திடலில் துரியோதனனை மண்ணால் மல்லாந்த நிலையில், ஒரு வீட்டைவிட நீளமாகச் செய்து கிடத்தியிருப்பார்கள். விடிய விடிய ஆடிய பீமனும் துரியோதனனும் காலை வெயிலில் அந்த மண்ணுடம்பைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் ஓடுவார்கள். தொடை உடைபடும், அதிலிருந்து எடுத்த செந்நீரால் திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படும். கோயில் அவளுடையது, ஆகவே கதை இங்கே முடிந்திருக்கலாம். முடிவதில்லை. துரியோதனனின் மனைவி பெருந்திருவாள், சில ஊர்களில் காந்தாரி, துடைப்பமும் முறமுமாக ஒப்பாரி வைத்துக்கொண்டு வருவாள். எதிரிக்காக வைக்கப்படும் ஒப்பாரி, ஜெயித்தவளின் திடலில். சுற்றி நிற்கும் பெண்கள் தம் வீட்டுச் சாவுகளையெல்லாம் சேர்த்து அழுவார்கள். அந்தத் துடைப்பம் கூட்டத்தின் மேலும் விழும். இரவெல்லாம் பாய் விரித்து, பீடி புகைத்துக்கொண்டு பார்த்தவர்களின் மேல். ந. முத்துசாமி முதலியோர் கூத்தை நவீன நாடகத்துக்காகத் தேடிப் போனபோது அடவும் கட்டியமும் நகரத்துக்கு வந்தன. இந்தத் துடைப்பம் வந்ததாகத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனை அடிக்க முடியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

வலிமை மனிதனைப் பொருளாக்கிவிடுகிறது என்று இலியத்தைப் பற்றி சீமோன் வேய் எழுதிய கட்டுரை இரண்டாம் உலகப் போரின்போது, பிரான்ஸ் விழுந்துவிட்ட நேரத்தில் அச்சானது. அதில் தேவர்களுக்குச் சிறிய இடம்தான். அவர் தோற்ற நாட்டில் இருந்துகொண்டு ஹோமரைப் படித்தார். மலையுச்சி அவருக்குத் தேவைப்படவில்லை. ஹோமருக்கும் கடைசியில் தேவைப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். இருபத்து நான்காம் காண்டத்தில் தன் பிள்ளைகளைக் கொன்ற கையை ப்ரையம் முத்தமிடுகிறான், இருவரும் அழுகிறார்கள், பிறகு சாப்பிடுகிறார்கள். ஹெக்டருக்காக மனைவியும் தாயும் ஹெலனும் ஒப்பாரி சொல்கிறார்கள். ஒன்பது நாள் துக்கம், பத்தாம் நாள் எரியூட்டல், பதினோராம் நாள் மேடு. வேண்டுமானால் பன்னிரண்டாம் நாள் சண்டை என்று ப்ரையம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டு வந்திருக்கிறான். மேட்டைக் குவிக்கும்போது நாலு பக்கமும் ஆட்களை நிறுத்துகிறார்கள். கிரேக்கர்கள் கெடுவுக்கு முன்பே வந்துவிடுவார்களோ என்று சமவெளியைப் பார்த்துக்கொண்டு அவர்கள் நிற்கிறார்கள்.