ஹாலில் ஒரு பலிபீடம்

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் நண்பர் ஒருவரின் புதுவீடு. பால் காய்ச்சினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். ஹாலின் வடகிழக்கு மூலையில், வாஸ்து பார்த்து, 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. மூன்று நாள் முன்புதான் ஏழு கிலோ உப்பைக் கரைத்திருந்தார்கள். விழாவன்று அதில் நான்கு நீல டாம்செல் மீன்கள் சுற்றி வந்தன. பத்து நாள் கழித்துப் போனேன். ஒன்றுகூட இல்லை.

நண்பரின் மாமியாருக்கு வருத்தமில்லை. "நல்லதுதான் மாப்ளே, வீட்டு மேல விழுந்த கண்ணு அதுங்களோட போச்சு" என்றார். நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல அத்தை. அமோனியா. டேங்க் சைக்கிள் ஆகுறப்போ அப்படித்தான் ஆகும். அதுக்குன்னுதான் டாம்செல் விடறது."

எனக்கு அந்த அம்மாவின் பேச்சைவிட இவருடைய சிரிப்புதான் உறுத்தியது.

அவர் சொன்ன அறிவியலில் பிழையே கிடையாது. மீன் செவுள் வழியாக அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். கடல் அதைக் கரைத்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் அது போக இடமில்லை. கடல்நீர் சற்றுக் காரமானது, காரம் ஏற ஏற அமோனியாவின் நஞ்சும் ஏறும். செவுள் வெந்துபோன மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து திணறும். இந்த அமோனியாவையே தின்று பிழைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஓர் உலகம் மண்ணுக்குள் இருப்பதை வினோகிராத்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1890 வாக்கில் காட்டினார். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகச் சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு வாரம். இதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் சைக்கிள் என்கிறார்கள்.

பெங்களூரில் குடித்தனம் நடத்தும் தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். டிசம்பர் குளிரில் இட்லி மாவு புளிக்காமல் அடம்பிடிப்பதைப் பார்த்தவர்கள் நாம். அரைத்த கையோடு ஊற்றிவிட்டு, இட்லி கல்லாய்ப் போனதும் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. மாவுக்கு ஓர் இரவு போதும். அமோனியா தின்னும் கிருமி மந்தமானது. ஒன்று இரண்டாக ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தனை வாரமும் கிருமிக்குத் தேவை அமோனியா மட்டுமே. அது உயிருள்ள செவுளிலிருந்துதான் வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு செத்த இறாலைப் போட்டுவிட்டால் அது அழுகி வேலையைச் செய்துவிடும். நாற்றம் பிடிக்காதவர்கள் அம்மோனியம் குளோரைடை அளந்து விடுகிறார்கள். கொடுத்த அமோனியா ஒரே நாளில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூச்சியம் காட்டினால் தொட்டி தயார். தண்ணீரில் பெரும்பகுதியை மாற்றிவிட்டு மீன் விடலாம்.

ஆக, நான்கு டாம்செல்களும் செத்தது ஐந்து வாரம் காலித் தொட்டியைப் பார்க்கப் பொறுமையில்லாததால். மாமியார் தெரியாமல் சமாதானம் சொன்னார். மாப்பிள்ளை தெரிந்தே கொன்றார். இருவரில் யார் மூடர் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் மாப்பிள்ளையைக் கைகாட்டுவேன். அம்மன் கோயிலில் வெட்டிய ஆடாவது குழம்புக்குப் போகும். இவை ஃப்ளஷ்ஷில் போயின.

இதில் ஒரு கூத்தும் உண்டு. அடுத்து விலை கொடுத்து வாங்கி விடப்போகும் 'நீமோ', அதாவது க்ளௌன் மீன், டாம்செல்லின் சொந்தக் குடும்பம். உயிரியல் இரண்டையும் ஒரே பெயரின்கீழ்தான் வைத்திருக்கிறது. பிரித்தது விலைச்சீட்டு. மலிவான உயிரை முதலில் இறக்கிப் பார்க்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று சாக்கடை மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கலாம்.

சட்டத்தைப் பார்த்தேன். கோயில் வளாகத்தில் உயிர்ப்பலி கூடாது என்று கர்நாடகத்தில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வரவேற்பறைக்கு அது வராது. 2017இல் மத்திய அரசு மீன்தொட்டிக் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டில் கர்நாடகச் சட்டமன்றம் மூடநம்பிக்கைக்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றியது; வாஸ்துவைத் தொடவில்லை. மூன்று வலையிலிருந்தும் தப்பித்தது மீன் அல்ல, மீன்காரன்.

"ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் தின்கிற நீ பேசலாமா?" என்றார் நண்பர். தின்கிறேன், மறைக்கவில்லை. அது சரியா என்பது பெரிய வழக்கு, ஒருநாள் நானும் கூண்டில் ஏறவேண்டியிருக்கும். ஆனால் ட்ரவுட் மீனின் உதட்டில் அமிலமும் தேனீ நஞ்சும் ஏற்றிப் பார்த்து, மீனுக்கும் வலி உண்டு என்று லின் ஸ்னெடன் குழுவினர் 2003இல் எழுதிவிட்டார்கள். அந்த வலியைப் பசிக்காகக் கொடுப்பதற்கும் காலண்டரைச் சுருக்கக் கொடுப்பதற்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது.

1976இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எச். நரசிம்மையா, அற்புதங்களை ஆராயக் குழு அமைத்து, சாயிபாபாவுக்கே கடிதம் எழுதினார். அந்தத் துணைவேந்தரின் ஊரில் இருந்துகொண்டு, கேள்வி கேட்டு மாமியாரை மடக்குவதோடு பகுத்தறிவு முடிந்தது என்று நினைப்பது சின்னத்தனம். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தபோது, ஏரி ஊர்க்கண்ணை வாங்கிக்கொண்டது என்று யாரும் சொல்லவில்லை. கழிவுநீர் என்றோம், மாநகராட்சியைத் திட்டினோம். சொந்த ஹாலில் மட்டும் "அப்படித்தான் ஆகும்" என்கிறோம்.

அடுத்த முறை புதுமனைக்குப் போகிறவர்கள் தொட்டியைப் பார்த்து "அழகா இருக்கு" என்று சொல்வதற்கு முன், உப்புக் கரைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.