பத்தரை மணி நேரம்

சென்னையிலிருந்து பாரீஸ் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர். நிற்காமல் பறந்தால் பத்தரை மணி நேரம், முன்னே பின்னே. இந்தக் கணக்கைச் சென்ற தை மாதம் பாகூரில் ஒரு சாவு வீட்டுப் பந்தலில் கேட்டேன். எதிர்வீட்டு ஆயா ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். மகன் பாரீஸில். இரண்டாம் நாள் மாலைவரை பார்த்துவிட்டு எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. "பத்தரை மணி நேரம்தானே, வர முடியாதா?" என்றார் ஒருவர். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான்.

அந்தத் 'தானே'யில்தான் எனக்குச் சந்தேகம். ஆயாவின் மாமனார் சைகோனில் சொல்தாவாக இருந்தவர். அவருடைய தாய் செத்த சேதி கடிதமாய்ப் போய்ச் சேர்ந்தபோது கருமாதி முடிந்து வெகு நாளாகியிருந்தது. அவரைக் குறை சொல்லித் தெருவில் ஒரு கதையும் இல்லை. மார்செய்யிலிருந்து சூயஸ், ஜிபுத்தி, கொழும்பு என்று தொட்டுத் தொட்டு சைகோனுக்குப் போன மெஸ்ஸாழரி மாரிதீம் கப்பல்களுக்கு வாரக்கணக்கு. அவர் சார்பில் கடலே பதில் சொல்லிவிட்டது. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் அமலான பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம் அது. பேரன் காலத்தில் கடல் வாய்மூடிவிட்டது.

சங்க அகக்கவிதை பிரிவைக் காத தூரத்தால் அளப்பதில்லை, பருவத்தால் அளக்கிறது. கார்காலத்தில் திரும்புவேன் என்று தலைவன் சொல்லிப் போகிறான். மழை வந்தும் அவன் வராதபோதுதான் குற்றம் பிறக்கிறது. குற்றம் தூரத்தில் இல்லை, கொடுத்த வாக்கில் இருக்கிறது. பத்தரை மணி நேரம் என்ற வாக்கைக் கொடுத்தது யார்? விமானக் கம்பெனியின் அட்டவணை. அதை மகனின் வாயில் வைத்து அவனைப் பொய்யனாக்குகிறோம்.

பீட்டர் சிங்கர் 1972இல் வங்க அகதிகளை முன்வைத்து எழுதிய கட்டுரையில், தூரம் கடமையைக் குறைக்காது என்றார். செய்தியும் போக்குவரத்தும் வேகமான பிறகு தூரத்தைச் சாக்குச் சொல்வதற்கும் இடமில்லை. பணத்தைப் பொறுத்தவரை இதற்கு மறுப்பு கிடையாது. பாரீஸ் பணம் எங்கள் கிளைக்கு வந்து இறங்குவதைக் கவுன்டரில் உட்கார்ந்து பார்க்கிறவன் நான். அந்த ஐஸ் பெட்டிக்கும் பந்தலுக்கும் மகன் அனுப்பிய பணம்தான். ஆனால் கடமை எல்லாமே பணத்தைப்போல் கைமாற்றக்கூடியதா? ஒருவன் இருக்கவேண்டிய இடத்துக்கு அவனேதான் வந்தாக வேண்டும். அவனுக்கு லீவு கிடைக்க வேண்டும், டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும், சீட்டு இருக்க வேண்டும், சென்னையில் இறங்கிய பிறகு மூன்று நான்கு மணி நேரம் ரோடு. இவ்வளவிலும், பயணி தன் பங்குக்கு ஒன்றுமே செய்ய வேண்டாத ஒரு பகுதி ஆகாயத்தில் இருக்கும் நேரம். ஊர் எண்ணுவது அதை மட்டும்தான்.

இதை நான் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு இரவு ஒன்பது மணிக்கு அக்கா போன் செய்தாள். "அப்பா உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கார்டா, ஒரு எட்டு வந்துட்டுப் போ." வில்லியனூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மேஜையில் பாதி எழுதிய ஒரு விமர்சனக் கட்டுரை. காலையில் வருகிறேன் என்றேன். வில்லியனூரிலிருந்து பாகூர் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. அறை வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. விடிவதற்குள் அப்பா போய்விட்டார். கொள்ளிச்சட்டி தூக்கினேன். ஏன் ராத்திரியே வரவில்லை என்று அக்காகூடக் கேட்கவில்லை. இருபது கிலோமீட்டருக்கு மணிக்கணக்குப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. அந்தக் கட்டுரை பிறகு அச்சில் வந்தது, மோசமில்லை என்றார்கள்.

பந்தலில் அவர் மூன்றாம் தடவையும் பத்தரை மணி நேரத்தை எடுத்தபோது, "டீ ஆறிடப் போவுது, குடிங்கண்ணே" என்று டம்ளரை நகர்த்தி வைத்தேன்.